கேரேஜில் கூடிய 32 பேர்

பகலெல்லாம் துணி தைத்த தையற்காரர் இரவில் வீட்டுக்கு வந்து பொழுதுபோக்குக்காக இன்னொரு சட்டை தைப்பாரா? பேருந்து ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமை சும்மா ஜாலியாக ஒரு ட்ரிப் அடித்துவிட்டு வருவாரா? மாட்டார்கள். ஆனால் கணினிக்காரர்கள் இந்த விஷயத்தில் தனி ரகம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் நிரல் எழுதிவிட்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடியும் நிரல் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். வார இறுதியில் நண்பர்களோடு வெளியே போனால் அங்கேயும் பேச்சு அதைப் பற்றித்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு தீராத தலைவலி!

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது ஒரு பொம்மை ரயிலில் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946ல் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாகக் கட்டிய 20ஆம் எண் கட்டடத்தில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. 1943ல் தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய அந்த மரக் கட்டடம் 1998 வரை நின்றது என்பது வேறு கதை. கழகத்தில் இரண்டு வகை ஆட்கள். ஒரு கூட்டம் மேசைக்கு மேலே வேலை செய்யும்: குட்டி மலை, குட்டி ஸ்டேஷன், பெயிண்ட் அடித்த குட்டிப் பெட்டிகள். இன்னொரு கூட்டம் மேசைக்கு அடியில் படுத்துக் கிடக்கும். ரயில்களை இயக்கும் சுவிட்சுகள், கம்பிகள், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்கள், இதெல்லாம் இவர்கள் ராஜ்ஜியம். மேலே ரயில் ஓடுகிறதா என்பதைவிட, கீழே எந்த ரிலே எப்போது மூடுகிறது என்பதில்தான் இவர்களுக்கு ருசி.

1958ல் டி.எக்ஸ்-0 என்ற கணினி எம்.ஐ.டி.க்கு வந்தது. அதுவரை கணினி என்றால் கர்ப்பகிரகம் மாதிரி. துளையிட்ட அட்டைகளைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். விடை நாளை வரும். டி.எக்ஸ்-0 முன்னால் உட்கார்ந்து நேரடியாகவே வேலை பார்க்கலாம். மேசைக்கு அடியில் கிடந்த கூட்டம் அப்படியே இங்கே குடிபெயர்ந்தது. பகலில் மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்ததால் இவர்களுக்குக் கிடைத்தது நடு இரவு. பசித்தால் சீன உணவகத்துக்குக் கும்பலாகப் போவார்கள். அங்கேயும் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. ஆங்கில மெனுவில் இல்லாத பதார்த்தங்களை வரவழைப்பதற்காக, சீன எழுத்தில் இருந்த மெனுவைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களும் அந்தக் கும்பலில் உண்டு! 1961ல் பி.டி.பி-1 கணினி வந்தது. 1962ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். அதை விளையாடுவதற்கான கைப்பிடிப் பெட்டிகள் ரயில் கழகத்தில் கிடந்த உதிரிப் பாகங்களில் செய்தவை. அந்த விளையாட்டை அவர்கள் விற்கவில்லை. யார் கேட்டாலும் கொடுத்தார்கள். விற்கலாம் என்ற எண்ணத்துக்கே அன்று இடமில்லை. பி.டி.பி-1 வைத்திருந்தவர்களே உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

எண்ணிக்கை கூடியபோதுதான் சிக்கல் வந்தது. அதற்குப் பதின்மூன்று வருடங்கள் ஆயின.

1975 ஜனவரி மாத 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஒரு நீல நிறப் பெட்டியின் படம். பெயர் ஆல்டெய்ர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், கடனில் தத்தளித்துக்கொண்டிருந்த மிட்ஸ் என்ற சின்ன நிறுவனம் தயாரித்தது. விலை 397 டாலர். அந்தக் காசுக்கு வருவது ஒரு பை நிறைய உதிரிப் பாகங்கள். வாங்கியவரே சோல்டரிங் இரும்பை எடுத்துக்கொண்டு பற்றவைத்துக்கொள்ள வேண்டும். பற்றவைத்து முடித்தாலும் அதற்கு விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். நினைவகம் 256 பைட். இந்தப் பத்தியைக் கூட அதில் அடைக்க முடியாது! சில நூறு பேர் வாங்கினால் பிழைத்துக்கொள்வோம் என்று மிட்ஸ் முதலாளி எட் ராபர்ட்ஸ் நினைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் பணம் வந்து குவிந்தது. பொருளை அனுப்பத்தான் முடியவில்லை.

எதற்காக வாங்கினார்கள்? அதை வைத்து என்ன செய்யலாம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. சொந்தமாக ஒரு கணினி, அவ்வளவுதான். வேலை செய்யும் இடத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்று அலுத்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஃப்ரெட் மூர் என்பவர் இருந்தார். இவர் கணினிப் பொறியாளர் இல்லை, அமைதிப் போராளி. அப்பா விமானப்படை அதிகாரி. மகனோ 1959ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து, முதலாண்டு மாணவராக இருந்தபோதே படிக்கட்டில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தவர். பணத்தின் மேல் அவருக்கு ஒரு தீராத சந்தேகம். 1971ல் 'ஹோல் எர்த் கேட்டலாக்' பதிப்பகத்தார் தங்கள் இதழுக்கு ஒரு விடைபெறு விழா நடத்தினார்கள். மிச்சமிருந்த 20,000 டாலரை வந்திருந்தவர்கள் முன்னால் வைத்து, என்ன செய்யலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். விடிய விடியச் சண்டை. பணம் மனிதர்களைப் பிரிக்கிறது பாருங்கள் என்று வாதாடியவர் மூர். கடைசியில் மிஞ்சிய சுமார் 15,000 டாலரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்! அதை ஒரு டப்பாவில் போட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்தார் மனிதர்.

இந்த மூரும், கார்டன் ஃப்ரெஞ்ச் என்ற பொறியாளரும் 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' என்ற அமைப்பில் பழகியவர்கள். பெயர்தான் கம்பெனி. சாதாரண மக்களுக்கும் பிள்ளைகளுக்கும் கணினி கற்றுக்கொடுத்த இடம் அது. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்து வந்து கூடிச் சாப்பிடும் விருந்தும் அங்கே நடக்கும். அந்த விருந்துகள் நின்றுபோனதும், கணினி ஆர்வலர்கள் சந்திக்க இடமில்லாமல் போயிற்று. மூர் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்தார். சொந்தமாகக் கணினி கட்டுகிறீர்களா, அப்படியென்றால் உங்களைப் போன்றவர்களோடு சேர்ந்து தகவலும் உதவியும் பரிமாறிக்கொள்ள வாருங்கள் என்பது அதன் சாரம். அறிவிப்புப் பலகைகளில் ஒட்டினார். தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்.

1975 மார்ச் 5, புதன்கிழமை, மழை இரவு. ஃப்ரெஞ்சின் வீட்டு கேரேஜில் 32 பேர் வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போதாமல் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் ஆறு பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் சொந்தமாகக் கணினி கட்டியிருந்தார்கள்! ஓர் ஆல்டெய்ர் பெட்டியும் அங்கே இருந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். வீட்டில் கணினி இருந்தால் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. எழுத்துக்களைத் திருத்தலாம், விளையாடலாம், இசை வாசிக்கலாம், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம், குட்டி ரோபோவை ஓட்டலாம் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். இன்று அந்தப் பட்டியலில் நடக்காதது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கலைவதற்கு முன் ஒருவர் இன்டெல் 8008 சில்லு ஒன்றைத் தூக்கிக் காட்டி, வேண்டும் என்றவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அந்த 32 பேரில் ஓர் ஓரமாகக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். வயது 24. ஹ்யூலெட் பேக்கார்ட் நிறுவனத்தில் கால்குலேட்டர் வடிவமைக்கும் வேலை. நண்பர் ஒருவர் இழுத்து வந்திருந்தார். மைக்ரோபிராசசர் பற்றிய பேச்சு அவருக்குப் புதிது. தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நெளிந்துகொண்டிருந்தார். அங்கே கொடுத்த ஒரு சில்லின் விவரத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். தான் மாணவப் பருவத்திலிருந்து காகிதத்தில் வரைந்துகொண்டிருந்த கணினிகளின் உள்ளுறுப்பு இப்போது ஒரே சில்லில் வந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த இரவே தன் வடிவமைப்பைத் தொடங்கினார்.

கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆயிற்று. ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற பெயரும் நிலைத்தது. வீட்டில் காய்ச்சிய பீர் போல வீட்டில் செய்த கணினி என்று அர்த்தம். கேரேஜ் போதாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறினார்கள். ஏப்ரல் மாதம் அங்கே நடந்ததுதான் இந்தக் கழகத்தின் மிக அழகான சம்பவம்.

ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டெய்ருக்குப் பணம் கட்டிவிட்டுப் பொறுமை இல்லாமல், ஆல்புகர்க்கிக்கே விமானம் ஏறிப்போய் விசாரித்துவிட்டு வந்த ஆசாமி. பாகங்கள் வந்து சேர்ந்ததும் இரவு பகலாகப் பற்றவைத்தார். ஒருநாள் நிரல் ஒன்றை ஓடவிட்டிருந்தபோது பக்கத்தில் இருந்த வானொலிப் பெட்டி 'ஸ்ஸிப்' என்று இரைந்தது. கணினியின் மின் அலைகள் வானொலியில் கேட்கின்றன! எந்த எண்ணைப் போட்டால் எந்த ஸ்வரம் வருகிறது என்று உட்கார்ந்து கண்டுபிடித்தார். பிறகு தன் ஆல்டெய்ரைக் கழகத்துக்குத் தூக்கி வந்து, சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தட்டி நிரலை ஏற்றத் தொடங்கினார். பாதியில் யாரோ மின்கம்பியில் கால் தடுக்க, எல்லாம் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். வானொலியை மேலே வைத்தார். பீட்டில்ஸின் 'ஃபூல் ஆன் தி ஹில்' பாட்டு கரகரவென்று ஒலித்தது. அறை முழுக்க நிசப்தம், பிறகு ஆரவாரம். அதோடு நிற்காமல் 'டெய்சி' பாட்டையும் பாடியது. 1961ல் பெல் ஆய்வகத்தின் ராட்சதக் கணினி பாடிய அதே பாட்டு. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு பெட்டி உலகத்துக்குச் சொன்ன முதல் உருப்படியான விஷயம் இரண்டு பாட்டு.

பிறகு கூட்டங்கள் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கத்துக்குப் போயின. நூற்றுக்கணக்கில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களை மேய்க்கும் பொறுப்பை லீ ஃபெல்சன்ஸ்டைன் ஏற்றார். இவர் 1973ல் பெர்க்லியில் ஓர் இசைத்தட்டுக் கடையின் வாசலில் பொதுமக்கள் இலவசமாகப் பயன்படுத்தக் கணினி முனையம் வைத்த 'கம்யூனிட்டி மெமரி' குழுவைச் சேர்ந்தவர். கையில் ஒரு நீளக் குச்சியோடு மேடையில் நின்று கூட்டத்தை நடத்துவார். முதல் பாதியில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் எல்லோரும் எழுந்து போய் அவரவருக்கு வேண்டியவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உதிரிப் பாகம் கைமாறும், வரைபடம் கைமாறும், வதந்தியும் கைமாறும். உற்றுப் பார்த்தால் இது நம் ஊர் வாரச் சந்தைதான், காசு மட்டும் கிடையாது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். 'மக்களுக்குக் கணினி' என்று பேசிய அரங்கத்தில் மக்களில் பாதிப் பேர் இல்லை.

கூட்டம் முடிந்தாலும் வீட்டுக்குப் போக மனம் வராது. மென்லோ பார்க்கில் 'ஓயாசிஸ்' என்று ஒரு பீர், பர்கர் கடை. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கத்தியால் பெயர் செதுக்கிய மர மேசைகள். அங்கே போய் உட்கார்ந்து நள்ளிரவு வரை அதே பேச்சு. டீக்கடை பெஞ்சில் அரசியல் ஓடுவது மாதிரி அங்கே சர்க்யூட் ஓடியது. அரங்கத்தில் சொல்லத் தயங்கியதை அங்கே சொல்வார்கள்.

சரி, சிக்கலுக்கு வருவோம்.

ஆல்டெய்ருக்கு பேசிக் மொழியை எழுதிக் கொடுத்தவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன் என்ற இரண்டு இளைஞர்கள். மிட்ஸ் நிறுவனம் அதைத் தன் நினைவகப் பலகைகளோடு சேர்த்து வாங்கினால் மலிவாகவும், தனியாக வாங்கினால் 500 டாலருக்கும் விற்றது. கணினியே 397 டாலர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மிட்ஸின் நினைவகப் பலகைகளோ சரியாக வேலை செய்யவில்லை. கழக உறுப்பினர் பாப் மார்ஷ் நல்ல பலகை செய்து விற்றுக்கொண்டிருந்தார், எல்லோரும் அதை வாங்கினார்கள். ஆகவே பேசிக் வேண்டுமென்றால் முழு விலை. பணம் கட்டிப் பல மாதமாகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

1975 ஜூனில் மிட்ஸ் தன் கணினியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டி வந்தது. பாலோ ஆல்டோவில் ஒரு ஹோட்டலில் கண்காட்சி. ஆல்டெய்ரில் பேசிக் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த துளையிட்ட காகித நாடாவை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அது டான் சோக்கோல் என்ற பொறியாளர் கைக்கு வந்தது. அவர் வேலை செய்த இடத்தில் வேகமாக நாடா துளைக்கும் இயந்திரம் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி நிறைய நாடாக்கள் வந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: ஒன்று எடுத்தால், படி எடுத்து அடுத்த முறை இரண்டாகத் திருப்பித் தர வேண்டும்.

அவர்களைக் கேட்டால் திருட்டு என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஸ்பேஸ்வாரைக் கொடுத்தது போல இதையும் கொடுத்தார்கள். ஆனால் ஸ்பேஸ்வாரை எழுதியவர்கள் தாங்களே கொடுத்தார்கள். இங்கே கொடுத்தது எழுதியவர்கள் இல்லை.

1976 பிப்ரவரி 3 தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டெய்ர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக் வாங்கியிருக்கிறார்கள்; இதை உருவாக்கச் செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டும்; வந்த பணத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 2 டாலர் கூடத் தேறவில்லை என்று புள்ளிவிவரம் அடுக்கினார். வன்பொருளுக்குக் காசு கொடுப்பீர்கள், மென்பொருளுக்குக் கொடுக்க மாட்டீர்களா, நீங்கள் செய்வது திருட்டு என்றார். ஹோம்ப்ரூ கழகத்தின் செய்தி மடலிலேயே அது வெளியானது.

கோபம் பொங்கியது. அந்த 40,000 டாலர் கணினி நேரம் யாருடையது என்று திருப்பிக் கேட்டார்கள். பேசிக் உருவானது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பி.டி.பி-10 கணினியில், அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, அதாவது வரி கட்டும் மக்கள். சரியான கேள்விதான். ஆனால் அதற்காகக் கேட்ஸின் கேள்வி தவறாகிவிடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவன் எதைச் சாப்பிடுவான் என்பதற்குக் கழகத்தில் பலரிடம் பதில் இல்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

இன்னொரு வகைப் பதிலும் வந்தது, அதுதான் கெட்டிக்காரத்தனமானது. பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியைச் சேர்ந்தவர்கள், சின்னதாக ஒரு பேசிக்கை நாமே எழுதி ஊருக்கே கொடுப்போம் என்று டென்னிஸ் ஆலிசன் தலைமையில் 1975லேயே கிளம்பியிருந்தார்கள். அதற்கென்றே 1976 ஜனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' பிறந்தது. லி-சென் வாங் எழுதிய பதிப்பின் தலைப்பில் 'காப்பிலெஃப்ட்' என்ற குறும்பான வார்த்தை இருந்தது. பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் புகழ்பெற்ற அதே சொல். டாம் பிட்மன் என்பவர் தன் டைனி பேசிக்கை வெறும் 5 டாலருக்கு விற்றார். இவ்வளவு மலிவாக இருந்தால் திருட யாருக்கும் தோன்றாது என்பது கணக்கு. பலர் பணம் அனுப்பி வாங்கவும் செய்தார்கள்! கேட்ஸின் பேசிக்கோ, இப்படி ஓசியில் பரவியதாலேயே எல்லோருக்கும் பழகிப்போய், புதிதாகக் கணினி தயாரித்தவர்களெல்லாம் அதையே கேட்டு வாங்கும் நிலை வந்தது. திருட்டே விளம்பரமாயிற்று.

இதற்கிடையில் வாஸ்னியாக் தன் பலகையை முடித்திருந்தார். 20, 25 டாலருக்குக் கிடைத்த 6502 சில்லு, ஒரு விசைப்பலகை, ஒரு டி.வி. அரங்கத்தின் பின்பக்கம் மேசையில் வைத்துக் காட்டுவார், வரைபடத்தை நகலெடுத்து இலவசமாகக் கொடுப்பார். கட்டத் தெரியாதவர்களின் வீட்டுக்கே போய் உதவியதும் உண்டு. கொடுப்பதை விற்கலாமே என்று யோசனை சொன்னவர் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். ஜாப்ஸ் தன் வேனையும் வாஸ்னியாக் தன் கால்குலேட்டரையும் விற்று முதல் போட்டார்கள். 1976 ஏப்ரல் 1ல் ஆப்பிள் தொடங்கியது. கழகத்துக்கு வந்துபோகும் பால் டெரல், தன் பைட் ஷாப் கடைக்கு 50 கணினி வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர் தருகிறேன் என்றார். சில்லறை விலை 666.66 டாலர்.

இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்தக் கழகத்திலிருந்து கிளம்பின. கிளம்பக் கிளம்ப அரங்கத்தில் ஒரு மாற்றம். முன்பு கேட்ட கேள்விக்கு மூன்று பேர் எழுந்து பதில் சொல்வார்கள். இப்போது பதில் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டார்; அது அவருடைய அடுத்த தயாரிப்பின் ரகசியம். ஃப்ரெட் மூர் சில மாதங்களிலேயே கழகத்தை விட்டுப் போய்விட்டார். கணினியால் ஏழை எளியவர்களுக்கு என்ன பயன் என்று பேச நினைத்தவருக்கு, சில்லைப் பற்றி மட்டும் பேசிய கூட்டம் அலுத்துவிட்டது. 1997ல் ஒரு கார் விபத்தில் இறந்தார்.

கழகத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர். அட்டைப் பெட்டியில் தன் மைக்ரோகணினிப் புத்தகத்தை அடுக்கி எடுத்து வந்து கூட்டத்தில் விற்றுக்கொண்டிருந்த ஆடம் ஆஸ்பார்ன்தான் அவர். ரமண மகரிஷியின் பக்தரும் அவரைப் பற்றி நூல்கள் எழுதியவருமான ஆர்தர் ஆஸ்பார்னின் மகன். பிறந்தது பாங்காக், 1939ல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்பா ஜப்பானியர் சிறையில் இருக்க, இவர் அம்மாவோடு வளர்ந்தது திருவண்ணாமலையில், படித்தது கொடைக்கானலில். 1981 ஏப்ரலில் இவர் வெளியிட்ட ஆஸ்பார்ன் 1, கையில் தூக்கிப் போகக்கூடிய முதல் வெற்றிகரமான கணினி. எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர், கூடவே மென்பொருள்களும் சேர்த்து. வடிவமைத்தவர் வேறு யாருமில்லை, குச்சியோடு மேடையில் நின்ற அதே ஃபெல்சன்ஸ்டைன். கம்பெனி ஏறிய வேகத்திலேயே இறங்கி 1983 செப்டம்பரில் திவாலானது. நோய்வாய்ப்பட்ட ஆஸ்பார்ன் கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார்.

ஹோம்ப்ரூ கழகத்தின் கடைசிக் கூட்டம் 1986 டிசம்பரில் நடந்தது. ஓயாசிஸ் கடை இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து 2018ல் மூடியது. ஆப்பிளின் அந்த முதல் கணினி மொத்தம் சுமார் 200தான் தயாரானது. அவற்றில் ஒன்றை 2014ல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் ஏலத்தில் எடுத்தது. கொடுத்த விலை 9,05,000 டாலர்.